சுருதி சேரவில்லையா? மெழுகை உருக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

செங்கோட்டையில் சாரல் தொடங்கினால் என் பட்டறையில் கால் வைக்க இடம் இருக்காது. கணவாய்க்கு அந்தப் பக்கம் புனலூர், தென்மலையிலிருந்தும் இந்தப் பக்கம் தென்காசி, கடையநல்லூரிலிருந்தும் தம்புரா, வீணை, பஜனை மடத்து ஹார்மோனியம் என்று வந்து இறங்கும். கொண்டுவருபவர் யாராக இருந்தாலும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, சுருதி நிற்கவில்லை."

சிலவற்றுக்கு ஒரு நூல் துண்டு போதும். சிலவற்றுக்கு ஆசாரி வேண்டும். இன்னும் சிலவற்றில் கருவி சரியாகவே இருக்கும். ஸ்வரங்களின் கணக்கே அப்படித்தான், எந்த ஆசாரியாலும் அதை மாற்ற முடியாது. இந்த மூன்றாவது வகையில்தான் அதிகம் பணம் வீணாகிறது. கெடாத வீணையைக் கெடுத்துக் கொண்டுவருகிறார்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஒரு தாளில் இதை எழுதிக் கருவிப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். ஷட்ஜம் விநாடிக்கு 200 அதிர்வு என்று வைத்துக்கொண்டால் (ஐந்து கட்டைக்குச் சற்று மேலே; கட்டை என்பது பாடுபவர் ஷட்ஜமாக வைக்கும் சுருதியின் அளவு) சுத்தமான ஸ்வரங்கள், அதாவது ச ரி க ம ப த நி, இப்படி விழும் (அடைப்பில் இருப்பது ஷட்ஜத்தின் எத்தனை மடங்கு என்பது):

ஷட்ஜம் 200
சதுஸ்ருதி ரிஷபம் 225 (9/8)
அந்தர காந்தாரம் 250 (5/4)
சுத்த மத்யமம் 266.7 (4/3)
பஞ்சமம் 300 (3/2)
சதுஸ்ருதி தைவதம் 333.3 (5/3)
காகலி நிஷாதம் 375 (15/8)
மேல் ஷட்ஜம் 400 (2)

உங்கள் கட்டை வேறாக இருந்தால் எண்கள் மாறும், பின்னங்கள் மாறா.

இனி ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து ஒலிக்கவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். ஒலி ஒரே கோடாக நின்றால் சேர்ந்திருக்கிறது. "வாங்... வாங்..." என்று ஏறி இறங்கினால் அதுதான் அலை. கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துப் பத்து விநாடிக்கு எத்தனை அலை என்று எண்ணுங்கள். இந்த எண் இல்லாமல் ஆசாரியிடம் போவது, காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமல் வைத்தியரிடம் போவதைப் போன்றது.

## அறிகுறி: பாட்டு முடிவதற்குள் தம்புரா இறங்கிவிடுகிறது

எந்தத் தந்தி இறங்குகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

ஒரு தந்தி மட்டும். பிருடை, அதாவது தந்தியை முறுக்கும் திருகு, வழுக்குகிறது. தந்தியைத் தளர்த்திப் பிருடையை உருவி, துணியால் துடைத்து, சாக்குக்கட்டியைத் தேய்த்து மறுபடி இறுக்கிச் செருகுங்கள். சாரல் காலத்தில் இதற்கு நேர்மாறாகப் பிருடை உப்பித் திருகவே வராது; அப்போது காய்ந்த சோப்பை லேசாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் மட்டும் விடவே கூடாது. மரம் எண்ணெயைக் குடித்துவிட்டால் அந்தத் துளையில் பிறகு எதுவும் பிடிக்காது. தந்தி புதிது என்றால் இரண்டு நாள் இழுபடட்டும், அதற்குள் குறை சொல்லாதீர்கள்.

மந்தரம் மட்டும், அதுவும் மத்தியானத்தில். மந்தரம், அதாவது கீழ் ஷட்ஜத் தந்தி, பித்தளை; மற்றவை எஃகு. ஒரே வெயிலில் பித்தளை எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், ஆகவே முதலில் தளர்வது அதுதான். பந்தலுக்குள் வெயில் விழும் இடத்திலிருந்து தம்புராவை நகர்த்தி, அரை மணி நேரம் கழித்துச் சேருங்கள். பழுது எதுவும் இல்லை.

நான்கும் சேர்ந்து. மரம் ஈரம் குடிக்கிறது, அல்லது விடுகிறது. புனலூர்க் காற்று வேறு, தென்காசிக் காற்று வேறு. நடுவில் இருப்பது ஒரு மலைதான் என்றாலும் பலா மரத்துக்கு அது இரண்டு தேசம். கணவாயைத் தாண்டி வந்த கருவியை உறையோடு ஒரு இரவு விட்டுவிட்டு, காலையில் சேருங்கள்.

நாள்தோறும் நான்கும் இறங்குகின்றன, தண்டியிலிருந்து (நீண்ட கழுத்திலிருந்து) தந்தி எழும்பிக்கொண்டும் போகிறது. குடமும் தண்டியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் தந்திகளை உடனே தளர்த்திவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள். பசை வாங்கி நீங்களே ஒட்ட வேண்டாம்.

## அறிகுறி: சுருதி சேர்ந்திருக்கிறது, ஆனால் தம்புரா ஊமையாக இருக்கிறது

ஜீவாளி, அதாவது தந்திக்கு அடியில் நூல் வைத்து எழுப்பும் ரீங்காரம், போய்விட்டது. குதிரைமேல் (குடத்தின்மேல் தந்தியைத் தாங்கும் பாலத்தின்மேல்) தந்திக்கு அடியில் இருக்கும் நூலைப் பாருங்கள். ஈரத்தில் ஊறியிருந்தால், நைந்திருந்தால் மாற்றுங்கள். பருத்தி நூல் ஒரு இழை போதும். மாற்றியபின் மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் தம்புரா திடீரென்று வாய் திறக்கும், அங்கே நிறுத்திவிடுங்கள்.

சரியான இடமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மந்தரத்தை மட்டும் மீட்டுங்கள். அது 100 என்றால் அதன் ஐந்தாம் மடங்கு 500. அது அந்தர காந்தாரத்தின் மேல் ஸ்தாயி, அதாவது 250-இன் இரட்டிப்பு. ஜீவாளி சரியாக இருந்தால் யாரும் பாடாத காந்தாரம் தானாகக் காதில் விழும். விழவில்லை என்றால் நூல் இன்னும் நகர வேண்டும்.

எவ்வளவு நகர்த்தியும் வாய் திறக்கவில்லை, குதிரையின் மேல்பரப்பில் தந்தி பள்ளம் அறுத்திருக்கிறது என்றால் அதைத் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். அது கைபழகியவர் வேலை. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த எவரும் இதுவரை வென்றதில்லை, இளவயதில் நானும்தான்.

## அறிகுறி: சுருதிப்பெட்டியோடு பஞ்சமம் சோம்பலாக அலைகிறது

மூன்று விநாடிக்கு இரண்டு அலை போல, மிக மெதுவாக. இதற்குக் கருவியைத் தொடாதீர்கள். நாக்கு (காற்றில் அதிரும் உலோகத் தகடு) வைத்த பெட்டிகள் பெரும்பாலும் பியானோக் கணக்கில், அதாவது ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையுள்ள ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டிய கணக்கில், சேர்க்கப்பட்டவை. அதில் பஞ்சமம் 300-க்குப் பதில் 299.66. ஷட்ஜத்தின் மூன்று மடங்கு 600, அந்தப் பஞ்சமத்தின் இரண்டு மடங்கு 599.3. வித்தியாசம்தான் நீங்கள் கேட்கும் அலை. பெட்டியில் ஷட்ஜத்தை மட்டும் திறந்துவைத்து, பஞ்சமத்தைத் தம்புராவுக்கு விட்டுவிட்டால் போதும்.

அலை விநாடிக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் அது கணக்கு அல்ல, தூசி. பெட்டியைத் திறந்து நாக்கின் மேல் மெல்லிய தூரிகையை ஓட்டுங்கள்.

## அறிகுறி: கைபேசியில் பச்சை விளக்கு எரிகிறது, காந்தாரம் மட்டும் காதை உறுத்துகிறது

இப்போது அதிகம் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

போன ஆடியில் ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளின் வீணையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீணையின் மெட்டுகள், அதாவது விரல் தந்தியை அழுத்தும் உலோகக் கம்பிகள், தேன்மெழுகில்தான் பதிந்திருக்கும். நான்காம் மெட்டைச் சுற்றி மட்டும் மெழுகு புதிதாகப் பளபளத்தது. "காந்தாரம் குறைவாக இருந்தது அண்ணாச்சி. ஆப் வைத்துப் பார்த்து நானே நகர்த்தினேன். இப்போது பச்சை காட்டுகிறது. ஆனால் தம்புராவோடு வாசித்தால் அழுகிறது" என்றார். அளவுகோலை வைத்தேன். குதிரைப் பக்கமாகச் சரியாக ஐந்து மில்லிமீட்டர் தள்ளியிருந்தார். வேலை சுத்தம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆப் சொன்ன இடத்துக்கே போயிருந்தார்.

குறை ஆப்பில். சாதாரண சுருதி ஆப்கள் பியானோக் கணக்கைத்தான் பச்சையாகக் காட்டும். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று வைத்தால் பியானோவின் காந்தாரம் 400-ல் நிற்கும். தம்புராவிலிருந்து தானாக எழும் 5/4 காந்தாரம் 386-ல் நிற்கும். இந்தப் 14 சென்ட் வீணையில் எவ்வளவு தூரம் தெரியுமா? மேருவிலிருந்து (தந்தியின் மறுமுனையைத் தாங்கும் இடத்திலிருந்து) குதிரை வரை 84 செ.மீ. என்றால், 5/4-க்கு மெட்டுக்கும் குதிரைக்கும் இடையே 67.2 செ.மீ. இருக்க வேண்டும். பியானோ காந்தாரத்துக்கு 66.7. அவர் நகர்த்திய அதே ஐந்து மில்லிமீட்டர்.

வரிசையாக இப்படிச் சோதியுங்கள்:

முதலில் ஆப்பின் அமைப்புகளில் ஸ்வரப் பிரிவை மாற்ற வழி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சுத்த அளவுக்கு மாற்றி, ஷட்ஜம் எது என்பதையும் சொல்லிவிடுங்கள். செலவு இல்லை.

இல்லையென்றால் ஆப்பை ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சமத்தில் இரண்டு சென்ட் தவறும், அதைக் காது தானே திருத்திக்கொள்ளும். காந்தாரம், தைவதம், நிஷாதத்துக்கு அதை நம்ப வேண்டாம். இந்த மூன்றிலும் அது காட்டும் பச்சை 12 முதல் 16 சென்ட் வரை ஏறியிருக்கும்.

பிறகு தம்புராவை மீட்டச் சொல்லி, நான்காம் மெட்டை அசைக்காமல் அழுத்தி நீளமாக ஒலிக்கவிடுங்கள். அலை இல்லாமல் கரைந்தால் மெட்டு சரி, ஆப் என்ன சொன்னாலும் சரி.

இன்னொன்று. கமகத்தோடு வாசிக்கும் காந்தாரத்துக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. அசைந்துகொண்டே இருக்கும் ஸ்வரத்துக்கு 14 சென்ட் ஒரு பொருட்டல்ல. நிறுத்தி வாசிக்கும் இடத்தில் உறுத்தினால் மட்டும் மெட்டைப் பற்றிப் பேசலாம்.

நாமே மெட்டை நகர்த்தலாமா என்று கேட்பார்கள். ஒரு மெட்டு நகர்த்தப்போய் மெழுகு பக்கத்து மெட்டுக்கும் இளகும், அதுவும் சாயும், அதைச் சரிசெய்ய அடுத்தது. மறுநாள் 24 மெட்டுக்கும் மேளம் கட்ட, அதாவது எல்லாவற்றையும் புதிதாக மெழுகில் சுருதிக்குப் பதிக்க, ஆசாரிக்குக் கூலி கொடுப்பீர்கள். கணக்கு வைத்து நகர்த்தினாலும் இடம் முழுதாகப் பொருந்தாது. அழுத்தும்போது தந்தி இழுபட்டு ஸ்வரம் ஏறும் என்பதால், மெட்டு கணக்கு சொல்லும் இடத்தைவிட ஒரு நூல் அளவு மேருப் பக்கம் உட்கார வேண்டும். அந்த ஒரு நூல் வீணைக்கு வீணை வேறு.

## அறிகுறி: வீணையில் சில இடங்கள் மட்டும் சேரவில்லை

ஒரே தந்தி, மேலே போகப்போக மோசம். தந்தி பழசு. துரு ஏறி, ஒரு பக்கம் கனத்துவிட்டது. மெட்டைப் பார்ப்பதற்கு முன் தந்தியை மாற்றுங்கள். உள்ளதிலேயே மலிவான வைத்தியம்.

எல்லாத் தந்தியிலும் ஒரே மெட்டு தவறு. அந்த மெட்டு நகர்ந்திருக்கிறது. வெயிலில் நின்ற காருக்குள் வீணையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தேன்மெழுகு இளக அது போதும். ஆசாரி வேலைதான், ஆனால் சின்ன வேலை.

எல்லாத் தந்தியும், மேல் மெட்டுகளில் எல்லாம் தவறு. குதிரை நகர்ந்திருக்கலாம். சாரணியின் (ஷட்ஜம் ஒலிக்கும் முதல் தந்தியின்) நடுவில் விரலை ஒற்றினாற்போல் வைத்து மீட்டினால் மேல் ஷட்ஜம் மணிபோல் எழும். அதையும் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஷட்ஜத்தையும் ஒப்பிடுங்கள். மெட்டின் ஷட்ஜம் ஏறியிருந்தால் குதிரை மேருவை நோக்கி வந்திருக்கிறது. இறங்கியிருந்தால் விலகிப் போயிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் வந்தால் அங்கே நான்கு சென்ட் ஏறும். எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால்தான் பெரும்பாலும் இது நேரும். ஆகவே தந்தி மாற்றும்போது ஒன்று ஒன்றாக மாற்றுங்கள். நகர்ந்துவிட்டால், நீங்களே தட்டி நகர்த்தாமல் கூப்பிடுங்கள்.

சாரணியில் தைவதம் சரி, பஞ்சமத் தந்தியில் அதே தைவதம் ஏறி ஒலிக்கிறது. இதற்காக இரண்டு ஊர் ஆசாரிகளிடம் போய்விட்டு மூன்றாவதாக என்னிடம் வந்தவர்கள் உண்டு. மெட்டு நகரவில்லை. குதிரை நகரவில்லை. எண்களைப் பாருங்கள்.

சாரணியில் ஒன்பதாம் மெட்டு தைவதம் 333.3. பஞ்சமத் தந்தி 150-ல் இருக்கிறது, அதன் இரண்டாம் மெட்டு 9/8, ஆகவே அங்கே எழும் தைவதம் 168.75. மேல் ஸ்தாயியில் அது 337.5. நான்கு அதிர்வு அதிகம். விகிதமாகச் சொன்னால் 81/80, ஏறக்குறைய 21 சென்ட். இரண்டாம் மெட்டைக் கீழே இறக்கித் தைவதத்தைச் சரிசெய்தால், சாரணியில் ரிஷபம் 225-லிருந்து 222.2-க்கு விழும், தம்புராவின் பஞ்சமத்தோடு சண்டை போடும். ஒரே மெட்டு இரண்டு தந்திக்கும் பொது. இரண்டு பேரையும் திருப்திப்படுத்தும் இடம் அந்த மெட்டுக்குக் கிடையாது.

நான் செய்வது இது: ரிஷப மெட்டை 9/8-லேயே விடுவேன். ஒன்பதாம் மெட்டைத் தாழ்ந்த தைவதத்துக்கு, 5/3-க்கு வைப்பேன். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை ஏற்ற முடியும், இறக்க முடியாது. தாழ்ந்த இடத்தில் மெட்டு இருந்தால் உயர்ந்த தைவதம் வேண்டும்போது இழுத்துக்கொள்ளலாம். சில ஆசாரிகள் நடுவில் வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு இடத்திலும் உறுத்தும்.

## அறிகுறி: ஹார்மோனியம் தம்புராவோடு ஒட்டவில்லை

விரலால் அழுத்தும் கட்டைகளில் ஒன்று மட்டும் கரகரக்கிறது அல்லது ஊமை. நாக்கின் கீழ் தூசி, கரப்பான் கால், விபூதி. மேல்பலகையைக் கழற்றி, மெல்லிய தாளை நாக்கின் கீழ் நுழைத்து இழுங்கள்.

ஷட்ஜம், பஞ்சமம் சுமார், காந்தாரம் கடுப்பு. விநாடிக்கு எட்டு அலை எண்ணினீர்கள் என்றால் ஹார்மோனியம் ஒழுங்காக, பியானோக் கணக்கில், இருக்கிறது. 252 ஒலிக்கும் இடத்தில் தம்புரா 250 கேட்கிறது; இவற்றின் நான்கு மடங்குகள் 1008, 1000, அந்த எட்டுதான் அலை. 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கிவைத்ததற்குப் பின்னால் இந்தச் சண்டையும் உண்டு. பஜனைக்கு எளிய வழி: காந்தாரத்தில் விரலை நிறுத்தாமல் தொட்டுவிட்டுப் போவது, கார்வையை (நீட்டி நிறுத்துவதை) ஷட்ஜ பஞ்சமத்தில் வைப்பது.

"சுத்த ஸ்வரத்துக்கே மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்கத் தோன்றுகிறதா? கேட்பதற்கு முன் இதைப் படியுங்கள். பக்கத்துக் கிராமத்துப் பஜனைக் குழு ஒன்று வற்புறுத்தியது என்று ஒரு ஹார்மோனியத்தை ஒன்றாம் கட்டை ஷட்ஜத்துக்கு முழுக்கச் சுத்தமாகச் சேர்த்துக் கொடுத்தேன். மார்கழி முழுதும் தேனாக இருந்ததாம். தை பிறந்ததும் பாடகர் மாறினார்; புதியவருக்கு இரண்டு கட்டை. பழைய ரிஷபம் ஷட்ஜமாயிற்று, பழைய தைவதம் பஞ்சமமாயிற்று. முதல் பாட்டிலேயே பஞ்சமம் ஊளையிட்டது. பழைய ஷட்ஜத்தை நம் தாளில் உள்ளபடி 200 என்று வைத்துச் சொன்னால், 225-க்குப் பஞ்சமம் 337.5 இருக்க வேண்டும். பெட்டியில் இருந்தது 333.3. விநாடிக்கு எட்டு அலைக்கு மேல். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வாசலில் பெட்டியோடு நான்கு பேர் நின்றார்கள். அதே 81/80 தான், வேறு வேடத்தில்.

ஒரே பாடகர், ஒரே கட்டை என்றால் மட்டும் சுத்தமாக மாற்றுங்கள். அந்த வேலையை நாக்கு சுரண்டத் தெரிந்தவரிடம் விடுங்கள். நுனியில் சுரண்டினால் ஸ்வரம் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். மாற்றிச் சுரண்டிவிட்டால் நாக்கு மெலிந்துகொண்டே போய் ஒருநாள் முறியும்.

## அறிகுறி: பஞ்சமத்துக்குப் பஞ்சமமாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன், கடைசியில் ஷட்ஜமே கூடிவிட்டது

காது நன்றாக உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. சுத்தமான பஞ்சமத்தைப் பன்னிரண்டு முறை அடுக்கினால் 129.75 மடங்கு வரும். ஏழு ஸ்தாயிக்கு வேண்டியது 128. மிச்சம் 23 சென்ட்டுக்குச் சற்று மேல். எங்கேயோ தப்பாகச் சேர்த்துவிட்டோம் என்று முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், மறுபடியும் அங்கேதான் வந்து நிற்பீர்கள். நான்காவது பஞ்சமத்திலேயே காந்தாரம் 5/4-க்குப் பதில் 81/64 ஆகி, 21 சென்ட் ஏறியிருக்கும். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்த இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் ஸ்தாயியைச் சமபங்காகவே பிரிக்க வேண்டும் என்று வாதாடியபோது, இந்த மிச்சத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியும் அதில் இருந்தது. அவர் பக்கம் நான் இல்லை, ஆனால் ஹார்மோனியத்தைத் திறக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

செய்ய வேண்டியது: ஷட்ஜத்திலிருந்து மத்யமம், பஞ்சமம், ரிஷபம் மூன்றையும் பஞ்சம வழியில் சேருங்கள். காந்தாரத்தைத் தம்புராவின் காந்தாரத்தோடு நேராகச் சேருங்கள். தைவதத்தை மத்யமத்துக்குக் காந்தாரமாகவும், நிஷாதத்தைப் பஞ்சமத்துக்குக் காந்தாரமாகவும் வையுங்கள். ஏழும் முடிந்துவிடும், பன்னிரண்டு முறை சுற்றத் தேவையில்லை.

## ஆசாரியைக் கூப்பிடும்போது

எந்த மெட்டு, எந்தத் தந்தி, பத்து விநாடிக்கு எத்தனை அலை, ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, காலையிலா மத்தியானத்திலா, கடைசியாகக் கருவி எங்கே பயணம் போனது என்று எழுதிக் கொடுங்கள். பாடும் கட்டையையும் எழுதுங்கள். ஆசாரி வருவதற்கு முந்தின நாளே தந்திகளைச் சுருதிக்கு ஏற்றி வைத்திருங்கள். தளர்ந்த தந்தியில் மேளம் கட்டினால், ஏற்றியதும் எல்லாம் மாறிவிடும். ஆப் காட்டும் பச்சையை அவரிடம் நீட்டாதீர்கள். அவர் கோபப்பட்டால் மேளம் கட்ட அடுத்த சாரலுக்குத்தான் வருவார்.